டிமென்ஷியா உள்ளவரைப் பார்த்துக்கொள்பவர் கையில் ஸ்மார்ட்வாட்ச்: எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம்?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு டிமென்ஷியா. 68 வயது அம்மாதான் இரவும் பகலும் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் வெளியூரில். போனில் விசாரித்தால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அம்மா கையில் ஒரு ஸ்மார்ட்வாட்ச் கட்டிவிட்டால் அவர் உடம்பு உண்மையில் எப்படி இருக்கிறது என்று தெரியுமா? அது காட்டும் ஸ்ட்ரெஸ் எண்ணை நம்பலாமா?

உடலில் அணியும் சென்சார்களின் தரவைப் படிப்பதே என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் சுருக்கம். இரவில் எத்தனை முறை எழுகிறார், ஓய்வாக இருக்கும்போது இதயம் எவ்வளவு துடிக்கிறது, பகலில் எவ்வளவு நடமாடுகிறார் ஆகிய மூன்றும் வாரக்கணக்கில் எப்படி மாறுகின்றன என்பதை வாட்ச் ஓரளவு நன்றாகவே காட்டும். ஸ்ட்ரெஸ் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். வாங்குவதற்கு முன்னால், எண்கள் மோசமானால் குடும்பத்தில் யார் என்ன செய்வது என்று பேசி முடிவெடுங்கள். அந்தப் பேச்சு நடக்காவிட்டால் வாட்ச் வேண்டாம் என்பது என் கருத்து.

உங்கள் கவலை வீண் இல்லை. 1995-இல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும் லான்செட் இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். டிமென்ஷியா வந்த உறவினரைப் பார்த்துக்கொண்ட 13 பெண்கள் ஒரு பக்கம், ஏறக்குறைய அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள் மறுபக்கம். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். மற்ற பெண்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறியது, பராமரிக்கும் பெண்களுக்கு 48.7 நாள் ஆனது. ஆள் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் "மனசு கஷ்டம்" என்று நாம் பொதுவாகச் சொல்வது தோலின் மேலேயே அளக்கக்கூடிய ஒன்று என்பதை அது காட்டியது. அதே குழு 2003-இல் இன்னொன்றையும் கண்டது: உடலின் அழற்சியைக் குறிக்கும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருள், டிமென்ஷியா வந்த கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்பவர்களின் ரத்தத்தில், மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகத்தில் ஏறிக்கொண்டு போனது.

1999-இல் ஷூல்ஸ், பீச் இருவரும் ஜாமா இதழில் எழுதிய ஆய்வைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். உடல் முடியாத வாழ்க்கைத்துணையைப் பார்த்துக்கொண்டு, அதில் திணறிக்கொண்டிருந்த முதியவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்றது அது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒரு பாதி உண்டு: பார்த்துக்கொண்டாலும் திணறல் இல்லை என்று சொன்னவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. 2013-இல் டேவிட் ராத் குழு 3,503 பராமரிப்பாளர்களை அதே வயது, அதே உடல்நிலை கொண்ட மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, பராமரிப்பவர்களின் இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. அவர்கள் எல்லோரும் டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒருவரைப் பார்த்துக்கொள்வது என்ற வேலையே ஆளைக் கொல்வதில்லை. தாங்க முடியாத அளவுக்கு அது போய், அதை யாரும் கவனிக்காமல் விடும்போதுதான் உடம்பு உடைகிறது. அம்மா இதில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

இதைக் கண்டுபிடிக்கக் கேள்வித்தாள்கள் பல ஆண்டுகளாக உண்டு. ஸ்டீவன் ஜாரிட் 1980-இல் உருவாக்கியதன் 22 கேள்வி வடிவம்தான் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. நல்ல கருவிதான். சிக்கல் என்னவென்றால், "அவரைப் பார்த்துக்கொள்வதால் உங்கள் வாழ்க்கை போய்விட்டதாக நினைக்கிறீர்களா?" என்ற ரீதியில் கேட்டால் ஐம்பது ஆண்டு குடித்தனம் நடத்தியவர் என்ன சொல்வார்? "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்பார். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அப்படி நினைப்பதே தவறு என்று அவருக்குத் தோன்றும். கேட்காமலே, நாள் முழுக்க, சொந்த வீட்டில் அளக்க முடிந்தால் நல்லதாயிற்றே என்ற எண்ணத்தில்தான் ஆராய்ச்சியாளர்கள் மணிக்கட்டுப் பக்கம் வந்தார்கள்.

சரி, மணிக்கட்டில் என்ன நடக்கிறது? வாட்சைத் திருப்பினால் பச்சையாக மினுக்கும் விளக்குகள் தெரியும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடும்போது திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு. இதோடு, கை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக அசைகிறது என்று சொல்லும் அசைவு சென்சார் ஒன்று எல்லா வாட்சிலும் இருக்கிறது. சிலவற்றில் தோலின் வெப்பம், தோலில் ஊறும் வியர்வையால் மாறும் மின்கடத்தல் ஆகியவற்றை அளப்பவையும் உண்டு. அவ்வளவுதான். வாட்ச் நேரடியாக அளப்பது ஒளி, அசைவு, வெப்பம், ஈரம். தூக்கம், ஸ்ட்ரெஸ், "உடல் ஆற்றல் மதிப்பெண்" எல்லாம் இவற்றிலிருந்து ஒரு கணக்கு வழியாக ஊகித்து எடுப்பவை. ஊகம் நீள நீள நம்பகம் குறையும். வாட்சின் எந்த எண்ணைப் பார்த்தாலும் இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஸ்டான்ஃபோர்டில் 2017-இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகளில் இதயத் துடிப்பின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. அதே கருவிகள் சொன்ன கலோரிக் கணக்கிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. துடிப்பு ஒளிக்குப் பக்கத்தில் இருப்பது, கலோரி நாலு ஊகம் தள்ளி இருப்பது. வித்தியாசத்துக்குக் காரணம் அதுதான்.

தூக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் அம்மா விஷயத்தில் இதுதான் முக்கியமானது. டிமென்ஷியா உள்ள பலருக்கு மாலை மயங்கும் நேரத்தில் குழப்பமும் படபடப்பும் கூடும், பகல் தூக்கமும் இரவு விழிப்பும் இடம் மாறிவிடும். பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கம் அதோடு போகும். 2019-இல் 35 ஆய்வுகளை, மொத்தம் 3,268 பராமரிப்பாளர்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, டிமென்ஷியா உள்ளவரைப் பார்த்துக்கொள்பவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்கு 2.42 முதல் 3.50 மணி நேரம் வரை தூக்கத்தை இழக்கிறார்கள் என்றது. ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்குள்தானே என்று தோன்றும். ஆனால் சராசரி என்பது, நன்றாகத் தூங்குகிறவரையும் சுத்தமாகத் தூங்காதவரையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவது. நேரம் மட்டும் கணக்கல்ல, அந்தத் தூக்கம் எத்தனை துண்டாக உடைகிறது என்பதும் கணக்கு.

ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டு, வாட்சின் உள்ளே பதிவானதைப் பார்ப்போம். 10.20-க்கு அசைவு நிற்கிறது, துடிப்பு மெல்ல 72-இலிருந்து 61-க்கு இறங்குகிறது. 1.45-க்குத் துடிப்பு ஒரே நிமிடத்தில் 90-ஐத் தொடுகிறது, அப்புறம் முப்பது நாற்பது காலடிகள். அப்பா எழுந்து வாசல் கதவைத் தேடியிருப்பார், அம்மா போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்திருப்பார். 2.10-க்கு அசைவு நின்றுவிடுகிறது. ஆனால் துடிப்பு 61-க்குத் திரும்பவில்லை. 74, 73, 75 என்று மூன்றரை மணி வரை அங்கேயே நிற்கிறது. அம்மா அசையாமல் படுத்துக்கொண்டு, அப்பா மறுபடி எழுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். காலையில் வாட்ச் என்ன சொல்லும்? "தூக்கம் 6 மணி 50 நிமிடம். நன்று." ஏனென்றால் அது பெரும்பாலும் அசைவை வைத்துத்தான் தூக்கத்தைக் கணக்கிடுகிறது. தூங்குகிறவரைத் தூங்குகிறார் என்று சொல்வதில் இந்தக் கருவிகள் கெட்டி. விழித்தபடி அசையாமல் கிடப்பவரைக் கண்டுபிடிப்பதில் பல கருவிகள் பாதிக்குப் பாதி கோட்டை விடும். நோயாளி பக்கத்தில் படுத்திருப்பவர் செய்வதே இந்த அசையாமல் விழித்துக் கிடப்பதுதான்! ஆகவே மொத்தத் தூக்க நேரத்தை நம்பி ஆறுதல் அடையாதீர்கள். நள்ளிரவுக் காலடிகள், எத்தனை முறை எழுந்தார், எழுந்த பிறகு துடிப்பு இறங்க எவ்வளவு நேரம் ஆனது, இவற்றைப் பாருங்கள். "ஆழ்ந்த தூக்கம் 48 நிமிடம், கனவுத் தூக்கம் 71 நிமிடம்" என்று பிரித்துக் காட்டும் வண்ணப் பட்டைகளைக் கண்டுகொள்ள வேண்டாம். அதற்கு மூளை அலைகளை அளக்க வேண்டும், மணிக்கட்டில் மூளை இல்லை.

ஓய்வு நேரத் துடிப்பு எளிமையானது, நம்பகமானது. ஒருவருக்கு 58 என்பதும் இன்னொருவருக்கு 76 என்பதும் இயல்பாக இருக்கலாம், அதனால் அம்மாவை அத்தையோடு ஒப்பிடாதீர்கள். முதல் சில வாரங்களில் அம்மாவுக்கு எது வழக்கம் என்று தெரிந்துவிடும். அந்த வழக்கத்தைவிட ஐந்தாறு துடிப்பு கூடி, நாள் கணக்கில் அங்கேயே நின்றால் ஏதோ நடக்கிறது: காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, ரத்தச்சோகை, தைராய்டு, தூக்கமின்மை, ஓயாத பதற்றம், எதுவாகவும் இருக்கலாம். வெப்பமானி காய்ச்சலைக் காட்டும், காரணத்தைக் காட்டாது என்பது போலத்தான். காரணம் கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. அம்மா பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டால் துடிப்பு எப்போதும் அடங்கியே இருக்கும், உடம்பு திண்டாடினாலும் எண் பெரிதாக ஏறாது.

இதயத் துடிப்பு மாறுபாடு என்று இன்னொன்று இருக்கிறது. ஆப்பில் எச்ஆர்வி என்று போட்டிருப்பார்கள். இதயம் கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில் துடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சில மில்லிசெகண்டுகள் கூடும், குறையும். உடம்பு இளைப்பாறும்போது இந்த மாறுபாடு கூடும், நெருக்கடியில் குறையும். ஆய்வாளர்களுக்கு இது பிடித்தமான அளவு, 1996-லேயே ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் குழு இதை எப்படி அளப்பது என்று விதிமுறை எழுதியது. ஆனால் அந்த விதிமுறை இசிஜிக்கு எழுதப்பட்டது. மணிக்கட்டில் கை அசைந்தால் மில்லிசெகண்டுக் கணக்கு போச்சு. அதனால்தான் நல்ல கருவிகள் இரவில், தூங்கும்போது மட்டும் இதை எடுக்கின்றன. வயது ஏற ஏற இது இயல்பாகவே குறையும். அறுபதைத் தாண்டியவருக்கு இன்னொரு பொறியும் உண்டு: இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால், அந்தத் தாறுமாறே "மாறுபாடு" என்று கணக்கில் ஏறி, எண் பிரமாதமாகத் தெரியும்! ஆகவே எச்ஆர்வி ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டாதீர்கள். வீட்டு உபயோகத்துக்கு இதை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

இப்போது நீங்கள் கேட்ட ஸ்ட்ரெஸ் எண். கணினிக்கு ஸ்ட்ரெஸ் என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்க, ஸ்ட்ரெஸில் இருக்கும் ஆட்களின் தரவு வேண்டும். இந்தத் துறையில் அதிகம் பயன்படும் பொதுத் தரவுத் தொகுப்புகளில் ஒன்று 2018-இல் வெளியான வெசாட். அதில் இருப்பது 15 பேர், சராசரி வயது 27.5. ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்து, அறிமுகமில்லாதவர்கள் முன்னால் திடீரென்று பேசச் சொல்லி, மனக்கணக்குப் போட வைத்து உண்டாக்கிய ஸ்ட்ரெஸ் அது. கால் மணி நேரத்தில் வந்து போகும் படபடப்பு. உங்கள் அம்மாவுடையது ஆண்டுக்கணக்கில் ஊறியது. ஒரே கேள்வியை அப்பா நாற்பதாவது முறை கேட்கும்போது துடிப்பு ஏறுமா என்ன? பல நேரம் ஏறாது. களைத்துப்போனவருக்கு உடம்பு அதற்கெல்லாம் எழுந்து நிற்பதையே விட்டுவிடும். சலிப்பு, துக்கம், தனிமை, இவையெல்லாம் துடிப்பில் பெரிதாகத் தெரியாதவை.

நேர்மாறான தவறும் நடக்கும். அப்பாவைக் குளிக்க வைக்க வேண்டும், அவர் வரமாட்டேன் என்கிறார். சமாதானம் பேசி, தோளைக் கொடுத்துத் தூக்கி, சறுக்காமல் நிறுத்தி, சட்டையைக் கழற்றும்போது கையைத் தட்டிவிடுகிறார். அம்மாவின் துடிப்பு 118. வாட்ச் இதை என்னவென்று எழுதும்? சிலது உடற்பயிற்சி என்று எழுதிப் பாராட்டும். சிலது ஸ்ட்ரெஸ் என்று எழுதி, "ஒரு நிமிடம் மூச்சை இழுத்துவிடுங்கள்" என்று கையில் அதிரும். ஈரத் தரையில் ஒரு ஆளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அப்போது வர வேண்டிய அறிவுரையா அது? உடல் உழைப்பால் வந்த துடிப்பையும் மனவேதனையால் வந்த துடிப்பையும் பிரிக்க அசைவு சென்சார் கொஞ்சம் உதவும். ஆனால் பராமரிப்பு வேலையில் இரண்டும் ஒரே நொடியில் நடக்கும். தோல் மின்கடத்தலைச் சேர்த்தால் கொஞ்சம் தேறும் என்று ஆய்வுகளில் அதையும் கட்டுகிறார்கள். வெக்கையில், கை நனைந்திருக்கையில், வயதானால் வறண்டுபோகும் தோலில் அதுவும் தடுமாறும். இதனால்தான் ஆய்வுகளில் சென்சாரோடு போனில் அவ்வப்போது ஒரு குட்டிக் கேள்வியையும் அனுப்புகிறார்கள்: இப்போது எப்படி இருக்கிறீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அந்தப் பதில் இல்லாத சென்சார் தரவு அரைக் கதைதான்.

மற்ற வசதிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். சீரற்ற துடிப்பைக் காட்டும் எச்சரிக்கை 68 வயதில் உபயோகமானது. ஆப்பிள் இதய ஆய்வில் சேர்ந்த 4,19,297 பேரில் 0.52 சதவீதத்தினருக்குத்தான் அந்த எச்சரிக்கை வந்தது, ஆகவே அது தொட்டதற்கெல்லாம் கத்துவதில்லை. வந்தால் மருத்துவரிடம் இசிஜி எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கீழே விழுந்தால் தகவல் அனுப்பும் வசதியும் நல்லது. அம்மா விழுந்தால் உதவிக்குக் கூப்பிட அப்பாவால் முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு வாட்சை நம்பாதீர்கள். அப்படிக் காட்டுபவற்றில் சிலவற்றை 28 நாட்களுக்கு ஒருமுறை கைப்பட்டைக் கருவியோடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். கைப்பட்டைக் கருவியே வீட்டில் இருக்கும்போது அதிலேயே வாரம் இரண்டு முறை எடுத்துவிடலாமே. ஊசி குத்தாமலே சுகர் பார்க்கும் வாட்ச், மோதிரம் என்று விற்பவற்றை வாங்கவே வாங்காதீர்கள். அப்படி எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது.

வாங்குவதென்று முடிவானால், கம்பெனி பெயரைவிட பேட்டரி முக்கியம். தினமும் சார்ஜ் போட வேண்டிய வாட்ச் மூன்றாவது வாரம் மேஜையில் கிடக்கும். ஏற்கெனவே ஒருவரின் மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், கழிப்பறை நேரம் எல்லாவற்றையும் தலையில் சுமப்பவருக்கு இன்னொரு பொருளையும் கவனிக்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது. ஒரு வாரமாவது தாங்குவதாகப் பாருங்கள். கூரான விளிம்பு, உலோகக் கொக்கி வேண்டாம். முதியவரின் தோல் மெலிதாக இருக்கும், தூக்கிவிடும்போது உரசினால் கிழிந்துவிடும். மோதிர வடிவக் கருவிக்கும் இது பொருந்தும். இரவில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்து அப்பா பயப்படவோ பிடித்து இழுக்கவோ வாய்ப்பு உண்டு, அதனால் பட்டை சரியான இறுக்கத்தில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இருக்கட்டும். அப்படி இருந்தால் வெளிச்சமும் கசியாது, அளவும் சரியாக வரும். நகரச் சொல்லும் நினைவூட்டல், மூச்சுப் பயிற்சி, தினசரி இலக்கு, தூக்க மதிப்பெண், எல்லா அதிர்வையும் அணைத்துவிடுங்கள். தூக்க எண்ணைப் பார்த்துப் பார்த்தே தூக்கம் கெடுபவர்கள் உண்டு என்று 2017-லேயே மருத்துவர்கள் எழுதி, அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரும் வைத்தார்கள். "நேற்று உங்கள் தூக்கம் மோசம்" என்ற செய்தி அம்மாவுக்கு எதற்கு? அது அவருக்குத் தெரியாதா?

எண்கள் யாருக்குப் போகின்றன என்பதில்தான் இந்த ஏற்பாடு நிற்கும் அல்லது விழும். அம்மாவிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: எதைப் பார்ப்போம், யார் பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம். இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியை அவர் வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள். அந்தத் தரவில் அப்பாவின் இரவுகளும் பதிவாகின்றன, சம்மதம் சொல்லும் நிலையில் அவர் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். வாட்ச் கம்பெனி எடுத்துக்கொள்ளும் தரவை, மருத்துவமனைக் கோப்புக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு எல்லா இடத்திலும் காப்பாற்றுவதில்லை, ஆகவே மூன்றாம் நபருக்குப் பகிரும் அனுமதிகளை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட, காலையில் போன் போட்டு "ஏம்மா ராத்திரி மூணு மணிக்கு முழிச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு வாரம் கேட்டால் வாட்ச் அலமாரிக்குள் போய்விடும், நியாயமாகவே. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு பிள்ளை, பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

பார்த்து என்ன செய்வது? முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு: தொடர்ந்து இரண்டு வாரம் இரவு எழுவது கூடினால், வாரத்தில் இரண்டு இரவுகளாவது வேறொருவர் அப்பாவின் அறையில் படுப்பது, அம்மா வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது. அது பிள்ளைகளில் ஒருவர் வந்தா, சம்பளத்துக்கு ஆள் வைத்தா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். கூடவே அப்பாவை மருத்துவரிடம் காட்டுவது. திடீரென்று இரவுக் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, மாத்திரை கொடுக்கும் நேரம் என்று சரிசெய்யக்கூடிய காரணம் பல நேரம் இருக்கும். அம்மாவின் வாட்ச் அப்பாவின் தொற்றைக் காட்டிக்கொடுப்பது வேடிக்கைதான், ஆனால் நடக்கும்.

அப்புறம், சென்சார் ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால், அதை அம்மா கையில் கட்டுவதைவிட அப்பா படுக்கையிலோ வாசல் கதவிலோ வைப்பது நல்லதா என்று யோசியுங்கள். அப்பா எழுந்தால் மணி அடிக்கும் என்ற நம்பிக்கை வந்தால், அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. வாட்ச் தூக்கமின்மையை அளக்கும், இது கொஞ்சம் தூங்கவிடும். தவறாக அடிக்கும் மணி எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பதால், முதல் சில இரவுகள் கூட இருந்து சரிபார்த்துக் கொடுங்கள்.

அம்மாவின் சுமையை உண்மையில் குறைக்கும் என்று சோதனைகளில் தெரியவந்த சில ஏற்பாடுகளுக்கு வாட்சும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் நடத்திய நீண்ட ஆய்வில், நோயாளியின் கணவனோ மனைவியோ தனியாகவும் குடும்பத்தோடும் ஆலோசனை பெற்று, கூடி ஆறுதல் சொல்லும் குழுவிலும் சேர்ந்தபோது, நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை 557 நாள் தள்ளிப்போனது. இங்கிலாந்தில் ஸ்டார்ட் என்ற திட்டம், பராமரிப்பவருக்கு எட்டு அமர்வுகளில் சமாளிக்கும் வழிகளைக் கற்றுக்கொடுத்து, அவர்களுடைய மனச்சோர்வைக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் ஐசப்போர்ட் என்ற பெயரில் பராமரிப்பவர்களுக்கான பயிற்சியை இணையத்தில் வைத்திருக்கிறது. அம்மாவின் எண்கள் மோசமானால் அடுத்த வாட்சைத் தேடாமல் இந்த மாதிரி ஏற்பாடு பக்கத்தில் எங்கே கிடைக்கிறது என்று தேடுங்கள்.

வாட்சே வேண்டாம் என்று அம்மா சொன்னால் வற்புறுத்தாதீர்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதை மட்டும் மாற்றுங்கள். "நேத்து ராத்திரி அப்பா எத்தனை தடவை எழுந்தார்? கடைசியா நீங்க எப்ப தனியா வெளியில போனீங்க? உங்க மாத்திரையைச் சரியா போடுறீங்களா, உங்க செக்கப்பைத் தள்ளிப் போட்டுட்டீங்களா?" என்று கேளுங்கள். எண்ணாகவோ நாளாகவோ பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி நழுவ முடியாது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் போனதா, மனசு சோர்ந்து நம்பிக்கை இழந்து இருந்ததா என்ற இரண்டு கேள்விகளைத்தான் மருத்துவர்களும் மனச்சோர்வுக்கு முதல் சல்லடையாக வைத்திருக்கிறார்கள். ஆமாம் என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற தொனியில் ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே போங்கள்.

வாட்ச் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அம்மாவுக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்: நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, மயக்கம் வந்தால் திரையில் எல்லாம் பச்சையாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இசிஜி வசதி உள்ள வாட்ச்கூட மாரடைப்பைக் கண்டுபிடிக்காது, அதைச் செய்தவர்களே கையேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கேள்விதான் அம்மாவைத் தாமதிக்க வைக்கும். ஆகவே அந்த ஆளின் போன் நம்பரை இன்றைக்கே அம்மாவின் போனில் முதல் எண்ணாகப் பதிந்து கொடுங்கள்.